திறந்த வகுப்பறையும் ஆசிரியரின் சுதந்திரமும்

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர்த் தொடக்கப்பள்ளி எப்படி இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் கையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள். மற்றவர் கையில் நான்கும் ஐந்தும். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே ஆசிரியர் தலையில். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் கதைப் புத்தகத்தை மடமடவென்று வாசித்து முடிக்கும் பிள்ளையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே பக்கத்தைத் திறங்கள் என்று சொல்லிப் பாடம் நடத்தினால், முதல் பிள்ளைக்கு அந்தப் பக்கம் எட்டாது. இரண்டாவது பிள்ளைக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. இருவருக்கும் ஒரு நாள் வீணாகிறது.

இதற்கு ஒரு வழி, குழந்தைகள் குழுக்களாக அவரவர் வேகத்தில் கற்கும் திறந்த வகுப்பறை. அது ஏதோ வசதி படைத்த பள்ளிகளின் ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஈராசிரியர் பள்ளிக்குத்தான் அது அதிகம் தேவை. அங்கே அது வகுப்பை நடத்துவதற்கான வழி.

இன்று நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று. குழந்தைக்குச் சுதந்திரம் தரும் வகுப்பறையைச் சுதந்திரம் உள்ள ஆசிரியரால்தான் நடத்த முடியும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தமிழ்நாட்டிலும் இந்த முறை எங்கெல்லாம் தழைத்ததோ அங்கெல்லாம் ஆசிரியருக்கு யோசிக்க இடம் இருந்தது. எங்கெல்லாம் வாடியதோ அங்கெல்லாம் அந்த இடம் பறிபோயிருந்தது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் நடந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் சில மாவட்டங்களில், குறிப்பாக லெஸ்டர்ஷயர், ஆக்ஸ்ஃபோர்டுஷயர், யார்க்ஷயரின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில், சின்னக் குழந்தைகளின் பள்ளிகள் மெல்ல மாறத் தொடங்கின. வரிசையாகப் போட்ட பெஞ்சுகள் கலைந்தன. அறையின் ஒரு மூலையில் புத்தகங்கள், இன்னொரு மூலையில் தராசும் படிக்கற்களும், ஜன்னலோரம் செடி வளர்க்கும் தொட்டி, வாசலில் மணலும் தண்ணீரும். காலையில் கணக்கு, பிற்பகலில் மொழி என்று மணி அடித்துப் பிரிக்காமல், குழந்தைகள் குழுக்களாகப் பிரிந்து ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலைகளைச் செய்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் கலந்து படித்தார்கள். இந்த மாற்றத்தை எந்த அமைச்சரும் ஆணை போட்டுக் கொண்டுவரவில்லை. ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் செய்து பார்ப்பார். பக்கத்துப் பள்ளிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் வகுப்பில் வேறு விதமாகச் செய்வார். மாவட்டக் கல்வி அலுவலர்களும் ஆலோசகர்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். பதினொரு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் தேர்வைப் பல மாவட்டங்கள் கைவிட்டபோது, தொடக்கப்பள்ளிகளின் மேல் இருந்த தேர்வுச் சுமையும் இறங்கியது.

1967-இல், தொடக்கக் கல்வியை ஆராய்ந்த பிரிட்ஜெட் பிளவுடன் தலைமையிலான அரசுக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. குழந்தையைக் கல்வியின் மையத்தில் வைத்த அந்த அறிக்கை, இருபது ஆண்டுகளாக ஆசிரியர்கள் செய்துவந்த வேலைக்கு அரசு கொடுத்த அங்கீகாரம். உலகமே இங்கிலாந்துப் பள்ளிகளைத் திரும்பிப் பார்த்தது.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் லில்லியன் வெபர். சிட்டி கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி அளித்துவந்த அவர், இங்கிலாந்தின் குழந்தைப் பள்ளிகளில் ஒன்றரை ஆண்டு இருந்து பார்த்தார். திரும்பி வந்ததும் ஹார்லெம் பகுதியில், கறுப்பின ஏழைக் குழந்தைகள் படித்த பொதுப் பள்ளியில் வேலையைத் தொடங்கினார். புதுக் கட்டடம் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்து வகுப்புகளின் கதவுகளைத் திறந்து, நடுவில் இருந்த நடைபாதையைக் குழந்தைகள் கூடி வேலை செய்யும் இடமாக மாற்றினார். விருப்பப்பட்டு முன்வந்த ஆசிரியர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டார். அவர் அனுப்பிய ஆலோசகர்கள் நோட்டுப் புத்தகத்தில் குறை எழுதிக்கொண்டு போகவில்லை. ஆசிரியரோடு வகுப்பில் நின்று வேலை செய்தார்கள். 1972-இல் கல்லூரியிலேயே ஆசிரியர்களுக்கென ஒரு பட்டறையைத் தொடங்கினார். ஆசிரியர்கள் அங்கே வந்து மண்ணிலும் நீரிலும் மரத்திலும் தாங்களே கை வைத்துக் கற்றார்கள். ஆசிரியர் தானே அனுபவிக்காத கற்றலைக் குழந்தைக்கு எப்படித் தர முடியும்? வெபர் பிடித்துக்கொண்ட அடிப்படை இதுதான்.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. திறந்த வகுப்பறை நாகரிகமாகிவிட்டது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சுவரே இல்லாத பெரிய கூடங்களாகப் பள்ளிகளைக் கட்டினார்கள். கட்டடம் மாறியது; அதற்குள் போன ஆசிரியருக்குப் பயிற்சியும் இல்லை, துணையும் இல்லை. நூறு குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே பழைய பாடத்தையே அவர்கள் உரக்கக் கத்தி நடத்தினார்கள். சில ஆண்டுகளில் அலமாரிகளும் தட்டிகளும் வந்தன. பிறகு சுவர்களே திரும்பி வந்தன.

லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் வில்லியம் டிண்டேல் பள்ளி பெரும் சர்ச்சைக்குள்ளானது. ஆசிரியர்கள் புதுமுறையைத் தீவிரமாகப் புகுத்தினார்கள். எழுத்தும் வாசிப்பும் வரவில்லை என்று பெற்றோர்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். 1976-இல் விசாரணை அறிக்கை வந்தது. அதே ஆண்டு நெவில் பென்னட் என்ற ஆய்வாளர், பழைய முறையில் கற்ற குழந்தைகளே பொதுவாக நன்றாகத் தேறியிருக்கிறார்கள் என்று எழுதினார். அக்டோபரில் பிரதமர் ஜேம்ஸ் கலகன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை, பள்ளிகள் மீது நாட்டுக்கு நம்பிக்கை குறைந்துவருவதைச் சுட்டிக்காட்டியது. 1988-இல் தேசியப் பாடத்திட்டமும் அதையொட்டித் தேர்வுகளும் வந்துசேர்ந்தன.

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்துகிறவர்கள், பார்த்தீர்களா, திறந்த வகுப்பறை தோற்றுவிட்டது என்பார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் மூன்று விஷயங்களை நான் சொல்லியாக வேண்டும். முதலாவது, 1978-இல் அரசின் கல்வி ஆய்வாளர்களே நடத்திய கணக்கெடுப்பில், தேடிக் கண்டறியும் முறையை முதன்மையாகக் கொண்டு கற்பித்த ஆசிரியர்கள் இருபதில் ஒருவர்கூட இல்லை என்று தெரியவந்தது. பெரும்பாலோர் பழைய முறையிலேயே நடத்திக்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க, நாட்டின் எல்லாக் குறைகளுக்கும் பழி இந்த முறையின் மேல் விழுந்தது. இரண்டாவது, பென்னட்டின் தரவுகளைச் சில ஆண்டுகள் கழித்து அவரும் மற்றவர்களும் சேர்ந்து மறுபடி அலசியபோது, முன்பு சொன்ன வேறுபாடு பெருமளவு கரைந்துபோனது. மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: அவருடைய முதல் ஆய்விலேயே மிக நல்ல முன்னேற்றம் கண்ட வகுப்புகளில் ஒன்று திறந்த முறை வகுப்பு. அதை நடத்தியவர் அனுபவம் மிக்க ஆசிரியை. குழந்தைகளுக்குச் சுதந்திரம் கொடுத்தார்; அதே சமயம் யார் எங்கே இருக்கிறார்கள், அடுத்து என்ன என்பதைத் துல்லியமாகத் திட்டமிட்டு வைத்திருந்தார்.

அந்த ஆசிரியையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

நீல்பாக் முதல் சென்னை வரை

குழந்தையை மையமாக வைத்த கல்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இலேயே குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, அடியும் மனப்பாடமும் இல்லாமல் கதையாலும் விளையாட்டாலும் கற்பித்தார். அவருடைய ‘பகற்கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. இங்கே பலர் படித்திருப்பீர்கள். 1939-இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். போரின் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

நம் அரசுப் பள்ளி வரை வந்து சேர்ந்த வழி வேறு. டேவிட் ஹார்ஸ்பர்க் என்ற ஆங்கிலேயர், போர்க்காலத்தில் விமானப் படையோடு இந்தியா வந்தவர், இங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பிறகு 1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ‘நீல்பாக்’ பள்ளியைத் தொடங்கினார். தேர்வு இல்லை, தண்டனை இல்லை, பரிசும் இல்லை. எல்லா வயதுக் குழந்தைகளும் கலந்து உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் அவரவர் பாடத்தைக் கற்றார்கள். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாட நூல்களையும் பயிற்சித் தாள்களையும் அவரே எழுதினார். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் அங்கேயே வாழ்ந்து கற்று, திரும்பிப் போய்த் தங்கள் ஊரில் தங்கள் விதத்தில் பள்ளி நடத்தினார்கள். 1984-இல் அவர் காலமானார்.

பிறகு அதே ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு ஓராசிரியர் பள்ளிகளை உருவாக்கினார்கள். ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்பையும் நடத்த வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முன் இருந்த சிக்கல். பாடப்புத்தகத்தைப் பிரித்துச் சின்னச் சின்ன அட்டைகளாக்கினார்கள். அட்டைகளை வரிசைப்படுத்திக் கற்றல் ஏணி ஒன்றை அமைத்தார்கள். குழந்தை தன் படியைத் தானே பார்த்து அட்டையை எடுக்கும். தெரியாததை அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்கும். பிறகு ஆசிரியரிடம் வரும். 1995-இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவன்கோட்டை வட்டாரத்து ஆசிரியர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்களுக்கென ‘நலி கலி’ என்ற வடிவத்தை உருவாக்கினார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஆட்சிப் பணி அலுவலர் எம்.பி. விஜயகுமார். வேலூர் மாவட்டத்தில் குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவரும் பணியில் இருந்தபோதே, வயது கூடி வந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் எப்படி உட்கார வைப்பது என்ற கேள்வியை அவர் சந்தித்திருந்தார். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். போனவர்கள் வெறுமனே பார்த்துவிட்டு வரவில்லை. உட்கார்ந்து தமிழுக்கும் கணக்குக்கும் தாங்களே அட்டை எழுதினார்கள். 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய வேலை, மாநகராட்சியின் மற்றப் பள்ளிகளுக்குப் பரவியது. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை, ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. ஓர் அரசு இத்தனை பள்ளிகளில் வகுப்பறையின் உருவத்தையே மாற்றியது மிக அரிய செயல். அதைச் செய்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த வகுப்பறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் பாயில் உட்கார்ந்திருப்பார். சுவரின் அடிப்பாகத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல். அதில் குழந்தைகள் வரைந்த படங்களும் எழுதிய தாள்களும் தொங்கும். வருகையை அவர்களே குறிப்பார்கள். அட்டையில் ஒரு பறவையோ விலங்கோ வண்டியோ சின்னமாக இருக்கும். அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் எந்த அடுக்கில் அட்டை இருக்கிறது, எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, இன்னொன்றுக்குக் கொஞ்சம் உதவி, வேறொன்றுக்குச் சக மாணவர் உதவி என்று பிரிந்து உட்காருவார்கள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பிய பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரும். அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ‘போய்’விடவில்லை. கரும்பு வெட்டப் போகும் குடும்பத்துக் குழந்தைக்கும் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துக் குழந்தைக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்த நான்கு நிமிடம்

இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் நேரில் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்வேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதியிருந்தாள். வழக்கமான வகுப்பில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், அதோடு முடிந்தது. அந்த ஆசிரியை பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படிப் போட்டே கண்ணு, எனக்குச் சொல்லு” என்றார். “ரெண்டுல எட்டு போகாது டீச்சர். அதனால எட்டுல ரெண்டு போனா ஆறு. அஞ்சுல மூணு போனா ரெண்டு” என்றாள் அவள். அவள் கவனக்குறைவாகப் போடவில்லை. சிறியதைப் பெரியதிலிருந்துதான் கழிக்க முடியும் என்று தானாக ஒரு விதி வகுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள்.

ஆசிரியை அவளைத் திருத்தவில்லை. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்து, “உன் கிட்ட 52 குச்சி இருக்கு. எனக்கு 38 குடு” என்றார். சிறுமி ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும் எடுத்து வைத்தாள். மூன்று கட்டுகளைக் கொடுத்தாள். எட்டு உதிரிக் குச்சி வேண்டும், கையில் இரண்டுதான். கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் சொல்லாமல் ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். கொடுத்தது போக மீதியை எண்ணினாள். பதினான்கு. தன் நோட்டில் இருந்த 26-ஐப் பார்த்தாள். தானே அழித்தாள்.

நான்கு நிமிடம் ஆகியிருக்கும். கடன் வாங்கிக் கழித்தலை அந்தப் பிள்ளை இனி மறக்கப்போவதில்லை. அந்த நான்கு நிமிடம் அந்த ஆசிரியைக்கு எங்கிருந்து கிடைத்தது? மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் தாங்களே செய்துகொண்டிருக்கக்கூடிய வேலை இருந்தது. திறந்த வகுப்பறையின் அட்டையும் பாயும் தாழ்ந்த கரும்பலகையும் எதற்காக என்றால், ஆசிரியர் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார நேரம் உண்டாக்குவதற்காக. அந்த நேரத்தில் அந்தக் குழந்தையின் யோசனை எந்த வழியில் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஆசிரியரின் திறமை. எந்த அட்டையும் அதைச் செய்யாது.

எங்கே இறுகியது

13 பள்ளிகளில் ஆசிரியர்கள் எழுதிய அட்டை, 37,000 பள்ளிகளுக்கு அச்சாகிப் போனபோது அது ஆசிரியரின் அட்டையாக இல்லை. கூடலூர் மலைக் குழந்தைக்கும் இராமேசுவரம் கடற்கரைக் குழந்தைக்கும் ஒரே அட்டை, ஒரே படம், ஒரே வரிசை. அதில் மாற்றம் செய்யலாமா என்று கேட்கப் பல ஆசிரியர்கள் அஞ்சினார்கள். பார்வைக்கு வந்தவர்கள் குழந்தை எதைப் புரிந்துகொண்டது என்று கேட்பதை விட்டு, எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டார்கள். படியில் ஏற்றிவிட்டால் போதும் என்ற நிலை வந்தபோது, அட்டையும் ஒரு மனப்பாடப் புத்தகம் ஆகிவிட்டது. அட்டையை முடித்த குழந்தை இருந்தது. வாசிக்கத் தெரிந்த குழந்தை எல்லா இடத்திலும் இல்லை.

பெற்றோர் பக்கம் வேறு குறை. பையில் நோட்டு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, என் பிள்ளை என்னதான் படிக்கிறது என்று கேட்டார்கள். அவர்களை வகுப்பறைக்குள் அழைத்து உட்கார வைத்து விளக்கிய பள்ளிகளில் அந்தக் கேள்வி அடங்கியது. மற்ற ஊர்களில் பிள்ளைகள் தனியார் மழலையர் பள்ளி வேனில் ஏறினார்கள்.

2012-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்ட வடிவம் எடுத்தது. கொரோனாக் காலம் பள்ளிகளைப் பூட்டியது. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கேற்பக் கற்பிப்பது அதன் அடிப்படை. வகுப்பைப் பார்க்காமல் குழந்தையின் நிலையைப் பார்ப்பது என்ற எண்ணம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலையும் உண்டு. ஆசிரியர் கையேடு நிமிடக் கணக்கில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால், மதிப்பீட்டைச் செல்பேசிச் செயலியில் ஏற்றுவதே அன்றைய பெரிய வேலையாகிவிட்டால், அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்காரும் நான்கு நிமிடம் மறுபடியும் காணாமல் போகும்.

சில கேள்விகளுக்குப் பதில்

சத்தம் அதிகமாக இருக்கிறதே என்பார்கள். வேலை செய்யும் சத்தம் வேறு, வேலையில்லாத சத்தம் வேறு. வாசலில் நின்று ஒரு நிமிடம் கேட்டால் எந்த ஆசிரியருக்கும் வித்தியாசம் தெரியும்.

சுதந்திரம் கொடுத்தால் எழுத்து வருமா என்பது கனமான கேள்வி. எழுத்தும் ஒலியும் தானாக வராது. சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். வில்லியம் டிண்டேல் பள்ளியின் பெற்றோர் கவலைப்பட்டது இதற்காகத்தான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் சொல்லிக்கொடுக்கும் வரிசையை ஆசிரியர் யோசிக்கலாம். ட, ப, ம என்ற மூன்று எழுத்தையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் கற்ற குழந்தை அன்றைக்கே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசித்துவிடும். படபட, மடமட என்று சிரித்துக்கொண்டே சொல்லும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் முடியட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்த குழந்தைக்குக் கிடைக்காத வெற்றி இந்தக் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே கிடைக்கிறது. நேரடியாகக் கற்பிப்பதும் திறந்த வகுப்பறையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எட்டுக் குழந்தைகளைக் கூட்டி உட்கார வைத்துத் தெளிவாகப் பத்து நிமிடம் கற்பிப்பதற்கும், பிறகு அவர்களை விட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போவதற்கும்தான் இந்த அமைப்பு வழி செய்கிறது.

பாடப்பகுதி முடியுமா என்று கேட்பார்கள். ஆசிரியர் முடித்தால் பாடம் முடிந்துவிட்டது என்று கணக்கு வைத்தே பல தலைமுறைப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு வரை வாசிக்கத் தெரியாமல் அனுப்பினோம். குழந்தை கற்றால்தான் பாடம் முடிந்ததாகக் கணக்கு.

நாம் செய்ய வேண்டியது

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை காலையே முழு வகுப்பையும் மாற்ற வேண்டாம். நாளில் ஒரு மணி நேரத்தைத் திறந்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் தாங்களே செய்யக்கூடிய மூன்று வேலைகளைத் தயார் செய்யுங்கள்: ஒரு வாசிப்பு மூலை, புளியங்கொட்டையும் குச்சியும் வைத்த ஒரு கணக்கு மூலை, எழுதவும் வரையவும் ஒரு மூலை. அவர்கள் வேலை செய்யும்போது தினம் இரண்டு குழந்தைகளின் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் வகுப்பின் ஒவ்வொரு பிள்ளையின் யோசனையும் உங்கள் கையில் இருக்கும். அச்சடித்து வரும் அட்டையோ பயிற்சி நூலோ உங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை என்றால் உங்கள் கையாலேயே ஒன்றை எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்வி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறுவள மையக் கூட்டங்கள் சுற்றறிக்கை வாசிக்கும் கூட்டங்களாக இருப்பது போதும். அவற்றை ஆசிரியர் பட்டறைகளாக மாற்றுங்கள். தன் வகுப்பில் வெற்றி பெற்ற ஒரு செயலை ஓர் ஆசிரியர் செய்து காட்டட்டும். மற்றவர்கள் செய்து பார்க்கட்டும். அடுத்த மாதம் வந்து என்ன நடந்தது என்று சொல்லட்டும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வரும்போது பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு குழுவை எடுத்து நடத்திக் காட்டட்டும். தகவல் பதிவேற்றும் வேலையை ஆசிரியர் தலையிலிருந்து இறக்குங்கள். புதிய முறை எதுவானாலும் விரும்பி வரும் பள்ளிகளில் தொடங்குங்கள். அங்கே அது வேரூன்றிய பிறகு அடுத்த பள்ளிக்குக் கொண்டுபோங்கள். ஐந்து ஆண்டில் 37,000 பள்ளிகளை எட்டலாம். ஆனால் 37,000 பள்ளிகளின் ஆசிரியர்களும் அதைத் தமதாக ஆக்கிக்கொள்ள அதைவிடக் கூடுதல் காலம் தேவை. அந்தக் காலத்தைக் கொடுக்க அரசு தயங்கக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறை உங்கள் பிள்ளையின் வகுப்பில் அரை மணி நேரம் வந்து உட்காருங்கள். இன்னிக்கு என்ன மார்க் என்று கேட்பதற்குப் பதிலாக, இன்னிக்கு என்ன செய்தே, எப்படிச் செய்தே என்று கேளுங்கள். அரசுப் பள்ளியை நம்பிப் பிள்ளையை அனுப்பும் உங்களுக்கு அந்த வகுப்பறையைப் பற்றிக் கேட்கவும் பேசவும் முழு உரிமை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.

ஆசிரியரை நம்பாத எந்தச் சீர்திருத்தமும் குழந்தையிடம் போய்ச் சேராது. ஆசிரியரை நம்புங்கள், அவருக்கு நேரம் கொடுங்கள், அவர் தன் வகுப்பைத் தானே அமைத்துக்கொள்ள உரிமை கொடுங்கள். நம் தொடக்கப்பள்ளிகள் தழைப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.